ஏற்காடு ஏறினால் ஒற்றுமையும் ஏறுமா?

கேள்வி: எங்கள் டீமில் 40 பேர். இரண்டு நாள் அவுட்டிங்குக்கு மேலிடம் பணம் ஒதுக்கிவிட்டது. மாமல்லபுரமா, ஏற்காடா என்பதில் ஆபீஸே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. எங்கே போனால் டீம் ஸ்பிரிட் வளரும்?
– மனிதவளத் துறை அலுவலர், சோழிங்கநல்லூர்

பதில்: ஒற்றுமையை வளர்க்கப் போகிற பயணமே ஆபீஸை இரண்டாக்கிவிட்டது, தொடக்கம் பிரமாதம். மாமல்லபுரத்தில் கடல் உண்டு, வெயிலும் உண்டு. ஏற்காட்டில் குளிர் உண்டு, வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகளும் உண்டு; பத்தாவது வளைவில் பாதி டீம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்கும். ஆனால் இடம் என்பது கடைசிக் கேள்வி. எதற்குப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்டோ சலாஸும் அவருடைய சகாக்களும் வெகுநாளாகக் குடைந்திருக்கிறார்கள். அதுவரை வெளியான ஆய்வுகளைத் திரட்டி 1999-ல் அவர்கள் கணக்குப் பார்த்தபோது, டீம் பில்டிங் என்ற பெயரில் நடப்பவற்றை ஒன்றாகச் சேர்த்தால் வேலையின் விளைவில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் தெரியவில்லை. பிரித்துப் பார்த்தபோது ஒரு சங்கதி மட்டும் தனித்து நின்றது. யார் எதற்குப் பொறுப்பு, ஒருவர் வேலை எங்கே முடிந்து அடுத்தவர் வேலை எங்கே தொடங்குகிறது என்று உட்கார்ந்து பேசித் தெளிந்த குழுக்களுக்குப் பலன் இருந்தது. 2009-ல் கூடுதல் ஆய்வுகளோடு மறுபடியும் கணக்குப் போட்டபோது விடை சற்று இனிப்பாக வந்தது: டீம் பில்டிங் மிதமாகப் பலன் தருகிறது, அதிலும் இலக்கை வகுப்பதும் பொறுப்பைத் தெளிவாக்குவதும்தான் முன்னால் நிற்கின்றன. ஆக, அவுட்டிங்கை இனாமாக நினைக்காமல் வேலையாக நினைத்துப் போங்கள் என்பதே என் கட்சி. வாடிக்கையாளரின் போன் இரவு 11 மணிக்கு வந்தால் யார் எடுப்பது, பிழை வந்தால் முதலில் யார் பார்ப்பது என்று உங்கள் 40 பேரும் ஆறு மாதமாக இமெயிலில் முட்டிக்கொள்ளும் தகராறு ஏதாவது கட்டாயம் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். காற்றோட்டமான அறையும் முதுகு வலிக்காத நாற்காலியும் நல்ல சாப்பாடும் எங்கே கிடைத்தாலும் சரி. மாமல்லபுரம் உங்களுக்குப் பக்கம்.

கேள்வி: நாங்கள் வருடாவருடம் தையல் பிரிவுக்கும் பேக்கிங் பிரிவுக்கும் கயிறு இழுக்கும் போட்டி வைக்கிறோம். கூட்டு முயற்சிக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?
– ஏற்றுமதி நிறுவன மேலாளர், திருப்பூர்

பதில்: பாடம் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற பாடம் இல்லை. மாக்சிமிலியன் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்தார். முடிவை 1913-ல் வெளியிட்டார். தனியாக இழுக்கும் ஒருவரின் பலத்தை 100 என்று வைத்தால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது தலைக்கு ஏறக்குறைய 50-தான் தேறியது. எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை, அதனால் கொஞ்சம் வீணாகிறது என்று சமாதானம் சொல்லலாம். 1974-ல் அமெரிக்காவில் அந்தச் சமாதானத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் பலர் கயிற்றைப் பிடித்திருப்பதாக நம்பவைத்து, அவரை மட்டும் இழுக்கவிட்டார்கள். அப்போதும் பலம் குறைந்தது. பின்னால் ஆள் இருக்கிறது என்ற நினைப்பே கையைத் தளர்த்திவிடுகிறது. தேரோட்டத்தில் சிலர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ரிங்கல்மான் அதற்கு எண் போட்டார், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய வம்பு, இரண்டு பிரிவையும் எதிரெதிரே நிறுத்துவது. 1954 கோடையில் ஓக்லஹோமா மாநிலத்தின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் முஸஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து முகாம் போடவைத்தார். பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று போட்டிகள் தொடங்கியதும் ஒரு கூட்டத்தின் கொடியை மற்றது கொளுத்தியது. சேர்ந்து பழகினால் சரியாகிவிடுமா என்று பார்க்க, இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகச் சாப்பிட உட்காரவைத்தார்கள். தட்டில் இருந்தது எதிர்க் கூட்டத்தின்மேல் பறந்தது. பிறகு முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றது. சாப்பாடு வாங்கப் போகவேண்டிய லாரியும் நின்றது. இரண்டும் ஆய்வாளர்களின் திருவிளையாடல்தான். ஆனால் எந்தக் கூட்டமும் தனியாகச் சரிசெய்ய முடியாத சிக்கல். லாரியை இழுக்கச் சிறுவர்கள் கொண்டுவந்தது போட்டிக்கு வைத்திருந்த அதே கயிறு. இந்தத் தடவை எல்லாரும் ஒரே பக்கம். கொஞ்சம் கொஞ்சமாகப் பகை தணிந்தது.

சிறுவர்களை ஆய்வாளர்களே மூட்டிவிட்டார்கள் என்று இந்த ஆய்வைப் பின்னாளில் கடுமையாக விமர்சித்தார்கள். நியாயமான விமர்சனம். ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு ‘தையலா, பேக்கிங்கா’ என்று தொண்டை கிழியக் கத்தும் ஈவென்ட் ஆர்கனைசர் வேறு என்ன செய்கிறார்? ஷிப்மென்ட் தாமதமானதற்கு நீ காரணம், நான் காரணம் என்று அந்த இரண்டு பிரிவும் கயிறே இல்லாமல் வருடம் முழுவதும் இழுத்துக்கொண்டுதானே இருக்கின்றன! போன சீசனில் தாமதமான ஆர்டர் ஒன்றை எடுங்கள். துணி உள்ளே வந்த நாளிலிருந்து கன்டெய்னர் கிளம்பிய நாள்வரை என்ன நடந்தது என்று இரண்டு பிரிவும் சேர்ந்து ஒரே சார்ட்டில் எழுதட்டும். நின்றுபோன லாரி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: நெருப்பில் நடப்பது, ஜிப்லைனில் தொங்குவது போன்ற சாகசங்கள் பயத்தைப் போக்கி நம்பிக்கையை வளர்க்கும் என்கிறாரே பயிற்சியாளர்?
– விற்பனைப் பிரதிநிதி, மதுரை

பதில்: நம் ஊரில் தீமிதிக்குக் காப்புக் கட்டி, நாள்கணக்கில் விரதமிருந்து இறங்குவார்கள். 2001-ல் ஃபுளோரிடாவில் ஒரு துரித உணவு நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவு காப்புக் கட்டாமலே இறங்கியது. ஏறத்தாழ ஒரு டஜன் பேருக்குக் காலில் தீக்காயம். சாகசமே வீண் என்று சொல்லவில்லை. கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டும் 1941-ல் வேல்ஸில் அவுட்வர்டு பவுண்டு பள்ளியைத் தொடங்கியபோது, அதில் பயின்றவர்களில் பலர் வணிகக் கப்பலில் போகும் இளம் மாலுமிகள். போர்க்காலம், கப்பல் மூழ்கினால் உயிர்காக்கும் படகில் தாக்குப்பிடிக்க வேண்டியவர்கள். வேலையும் கடலில், பயிற்சியும் கடலில். நீங்கள் வீடுவீடாகத் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்பவர் என்றால், கதவையே திறக்காத வீட்டை எப்படிச் சமாளிப்பது என்று மூத்தவர் இளையவருக்கு நடித்துக் காட்டட்டும். ஜிப்லைனைவிட வயிற்றைக் கலக்கும்.

கேள்வி: டீம் அவுட்டிங் ஏன் எப்போதும் சனி, ஞாயிறிலேயே வருகிறது?
– கணக்குப் பிரிவு ஊழியர், அம்பத்தூர்

பதில்: சனி, ஞாயிறு உங்களுடையது, திங்கள், செவ்வாய் கம்பெனியுடையது. அடுத்தவர் பணத்தில் மொய் எழுத யாருக்குக் கசக்கும்? அவுட்டிங் வேலைதான் என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு சாடை இருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையின் பொருட்டு ஊழியர் போகும் எந்த இடத்தையும் பணியிடம் என்கிறது. அதற்காக நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் அதில் அடக்கம். ரிசார்ட்டும் பணியிடம், பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற பஸ்ஸும் பணியிடம். (புகார்க் குழுவில் யார் யார் என்ற விவரம் அவுட்டிங் சுற்றறிக்கையில் மெனுவுக்கு மேலே இருக்கவேண்டும், பல இடங்களில் மெனு மட்டும்தான் இருக்கிறது.) அந்தச் சட்டம் வேலை நேரத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது உண்மை. ஆனாலும் இடம் மட்டும் பணியிடம், நேரம் மட்டும் விடுமுறை என்றால் எந்தக் கணக்கில் சேர்ப்பது? கணக்குப் பிரிவுக்காரர் நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு நாள் உற்பத்தி போய்விடுமே என்பார் முதலாளி. கம்பெனியின் இரண்டு நாள் வேலைக்கு ஈடாகாத பயணம் என்று அவருக்கே தோன்றினால், அது ஊழியரின் இரண்டு நாள் ஓய்வுக்கு மட்டும் எப்படி ஈடாகும்? உலையை அணைக்க முடியாத, கவுண்டரை மூட முடியாத இடங்கள் உண்டு. அங்கே இரண்டு தவணையாகப் போகலாம், வேறு வழியே இல்லையென்றால் ஞாயிறுக்குப் பதில் மாற்று விடுப்பு கொடுக்கலாம். மலைக்குப் போவதாக இருந்தால் வாரநாளில் இன்னொரு லாபமும் உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உயர்நீதிமன்றம் வரம்பு வைத்தது. அந்தக் கூடுதல் 2,000 வண்டிகளுக்கு நடுவே உங்கள் பஸ்ஸும் நின்றால், டீம் ஒற்றுமையாக ஹாரன் சத்தம் கேட்கலாம்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தையை விட்டுவிட்டு இரவு தங்க முடியாது என்றேன். ‘டீம் பிளேயர் இல்லை’ என்று பேச்சு வந்துவிட்டது.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: பாரிஸில் ஒரு ஆலோசனை நிறுவனம், தன் மதுக் கூட்டங்களிலும் கும்மாளங்களிலும் ஒட்டாத ஊழியரை, ‘எங்கள் கேளிக்கைப் பண்பாட்டுக்கு ஒத்துவரவில்லை’ என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி நீக்கியது. 2022 நவம்பரில் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊழியர் பக்கம் நின்றது. ஒதுங்கி நிற்பது அவருடைய கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. இங்கே யாராவது என்னை மடக்கலாம்: அவுட்டிங் வேலை என்றும் சொல்கிறீர், வராமலிருக்க உரிமையும் கேட்கிறீரே? முரண் இல்லை. காலை 10 மணி முதல் 5 மணிவரை பேச்சு என்றால் அது வேலை. வரத்தான் வேண்டும், அதுவும் குழந்தையை யாரிடம் விடுவது என்று ஏற்பாடு செய்துகொள்ள அவகாசம் கொடுத்து முன்கூட்டியே சொல்லவேண்டும். இரவு கேம்ப் ஃபயரும் கரோக்கேயும் வேலை இல்லை. வராதவரிடம் விளக்கம் கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை. எல்லை மீறுவது பெரும்பாலும் மறுபக்கம்தான். பகலில் பேசி முடிக்காததை இரவு 11 மணிக்கு நாலு பேர் கிளாஸோடு உட்கார்ந்து முடிவெடுத்துவிடுகிறார்கள்; வீட்டுக்குப் போன பெண்களுக்குத் திங்கட்கிழமை தகவல் வருகிறது. அப்படி எடுத்த முடிவு செல்லாது என்று சுற்றறிக்கையிலேயே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: முதல் நாள் காலை இரண்டு மணிநேரம் நானே பேசி எல்லாரையும் உற்சாகப்படுத்தலாம் என்றிருக்கிறேன். 64 ஸ்லைடு தயார்.
– நிர்வாக இயக்குநர், ஓசூர்

பதில்: இமெயிலில் அனுப்பிவிடுங்கள் ஐயா. படிக்கமாட்டார்கள்தான், நேரில் பேசினாலும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கடைசியில் பேசவேண்டியவர். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. துருவிப் பார்த்தபோது, அந்தக் குழுக்களில் தவறு நடந்தால் பயமில்லாமல் சொன்னார்கள் என்றும், மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள் என்றும் தெரிந்தது. உங்கள் அவுட்டிங்கில் ஒரு குறைகூட வெளியே வரவில்லை என்றால் மகிழாதீர்கள், கவலைப்படுங்கள். குறை சொல்ல விட்டால் கட்டுப்பாடு கெட்டுவிடும் என்று தோன்றலாம். எது கெட்டுக்கிடக்கிறது என்பது ஷாப் ஃப்ளோரில் எல்லாருக்கும் தெரியும். கேன்டீனில் தினமும் அதைத்தான் பேசுகிறார்கள். தெரியாதவர் நீங்கள் ஒருவர்தான்.

கேள்வி: மொத்தமே 12 பேர் உள்ள அச்சகம். ரிசார்ட்டுக்கெல்லாம் வழியில்லை. எங்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: ரிசார்ட் போனவர்கள் என்ன வாரிக்கொண்டார்கள் என்று முதலில் பாருங்கள். பால் இங்ரமும் மைக்கேல் மாரிஸும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க்கில் ஒரு விருந்துக்கு வந்த நிர்வாகிகளின் சட்டையில் மின்னணு அட்டை மாட்டி, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். புதியவர்களைச் சந்திக்கத்தான் வந்தோம் என்றார்கள் பெரும்பாலோர். வந்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் முன்பே தெரிந்தவர்கள். ஆனால் பாதி நேரம் அவர்களோடுதான் கழிந்தது. பஃபே மேஜையைச் சுற்றி ஆபீஸின் பழைய வட்டங்களே தட்டோடு நிற்பது இப்படித்தான். மறுபக்கம், ஆய்வாளர் அலெக்ஸ் பென்ட்லேண்ட் 2012-ல் எழுதிய ஒரு வங்கிக் கால் சென்டர் கதை இருக்கிறது. ஆளுக்கொரு நேரத்தில் இருந்த காபி இடைவேளையை மாற்றி, ஒரு குழுவில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விட்டார்கள். ஓர் அழைப்பை முடிக்க ஆகும் நேரம் மொத்தத்தில் 8 சதவீதமும், பின்தங்கிய குழுக்களில் 20 சதவீதத்துக்கு மேலும் குறைந்தது. வேலையைப் பற்றிய நுணுக்கங்கள் அந்தக் கோப்பையோடு கைமாறியிருக்கின்றன.

அப்படியானால் பெரிய கம்பெனிகளுக்கும் டீயே போதுமே, வெளியூர் எதற்கு என்று மற்றவர்கள் கேட்கக்கூடாது. 40 பேரின் பொறுப்பைப் பிரித்துப் பேச அரைநாள் குறுக்கீடில்லாமல் வேண்டும். போன் அடிக்கும் இடத்தில் அது நடக்காது. 12 பேருக்கு அந்தத் தொல்லை இல்லை. காலண்டர் சீசனில் மெஷினை நிறுத்த முடியாது என்பீர்கள். சீசன் முடிந்ததும் தொடங்குங்கள், அடுத்த சீசனுக்குள் பழகிவிடும். மெஷின்மேன், டி.டி.பி.காரர், பைண்டிங்காரர், பேப்பர் வெட்டுகிறவர் எல்லாரும் நாலு மணிக்கு ஒன்றாக டீ குடிக்கட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். ‘தம்பி, நீ ஓரத்தில் இடமே விடமாட்டேங்கிறே, வெட்டும்போது எழுத்தெல்லாம் போகுது’ என்று வெட்டுகிறவர் டி.டி.பி.காரரிடம் என்றைக்குச் சொல்கிறாரோ, அன்றைக்கு வடையும் வாங்கிக் கொடுங்கள்.