சுண்டலுக்கு ஓட்டு, டப்பாவுக்கு யோசனை

கபடி ஆடுகிறேன். எடை 60 கிலோ. ஜிம் மாஸ்டர் புரோட்டீன் பவுடர் வாங்கியே ஆகணும் என்கிறார். வாங்கட்டுமா சார்?
*– கபடி வீரர், ஒட்டன்சத்திரம்*

பர்ஸைத் திறக்கும் முன் கணக்கைப் போடுங்கள் தம்பி. கடும் பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு தினமும் 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை. உங்களுக்கு நூறு கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாலு முட்டையில் 24 கிராம் வந்துவிடும். அரை லிட்டர் பாலில் 16. நூறு கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் கிட்டத்தட்ட 20. மீதியைச் சோறும் பருப்பும் ரெண்டு துண்டு மீனும் பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ராத்திரி ஒரே வேளையில் கொட்டிக்கொள்ளாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

பவுடர் விஷமல்ல. அதில் பெரும்பாலும் இருப்பது பாலிலிருந்து எடுத்த புரதமே. சாப்பிட நேரமே இல்லாதவருக்கு அது வசதி. ஆனால் தரம் தெரியாத டப்பாவில் தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்து, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், உடம்பில் இருந்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு. மாஸ்டர் வந்து நிற்கமாட்டார். சுண்டல் தின்று தடை வாங்கியவர் யாருமில்லை.

காபி குடித்தால் வேகம் கூடுமாமே?
*– கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

கூடும். மாலையில் குடித்தால் தூக்கம் போகும். தூக்கம் போனால் மறுநாள் வேகமும் போகும்.

காலை ஒன்பது மணிக்கு 1500 மீட்டர் ஓட்டம். தெம்பாக இருக்கட்டும் என்று அம்மா பூரி சுட்டுத் தருகிறார். ஓடும்போது வயிற்றைப் பிசைகிறது.
*– பிளஸ் டூ மாணவர், தஞ்சாவூர்*

அம்மாவின் அன்பில் குறையில்லை, நேரம்தான் தப்பு. எண்ணெய்ப் பண்டம் இரைப்பையை விட்டு இறங்க நேரம் பிடிக்கும். அதற்குள் நீங்கள் இரண்டாவது சுற்றில் இருப்பீர்கள். ஆறரை மணிக்கு மூன்று நான்கு இட்லி சாப்பிடுங்கள், சாம்பாரைக் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளுங்கள், தேங்காய்ச் சட்னி வேண்டாம். எட்டு மணிக்கு மேல் பசித்தால் ஒரு வாழைப்பழம். இதையும் முதலில் பயிற்சி நாளில் சாப்பிட்டுப் பாருங்கள். போட்டியன்று புதுசாக எதையும் வயிற்றுக்குள் அனுப்பக்கூடாது. பூரியை ஓடி முடித்ததும் ஒரு கை பாருங்கள், அம்மாவுக்கும் சந்தோஷம்.

வெயிலில் கால்பந்து ஆடிவிட்டு இளநீர் மட்டும் குடிக்கிறோம். போதுமா?
*– கால்பந்து அணி, வியாசர்பாடி*

இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவதோ சோடியம், அதாவது உப்பு. அதனால் இளநீரோடு உப்புப் போட்ட நீர்மோரும் குடியுங்கள். ஆடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும்.

மகளுக்கு 16 வயது. நீண்ட தூர ஓட்டக்காரி. எடை குறைந்தால் வேகம் வரும் என்று கோச் சொன்னதால் ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டாள். நாலு மாதமாக மாதவிடாய் வரவில்லை. கடுமையாக உழைத்தால் அப்படித்தான் என்கிறார்களே?
*– ஒரு தாய், திண்டுக்கல்*

அப்படித்தான் என்று விடாதீர்கள் அம்மா. ஓடுவதற்குச் செலவாகும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். அதில் மாதவிடாயும் ஒன்று. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதைத் தனிப் பிரச்சினையாக எடுத்துச் சொல்லி எச்சரித்தது. எலும்பு வலுப்பெற வேண்டிய வயதில் அது மெலிந்து போகும். சாதாரண ஓட்டத்திலேயே காலில் விரிசல் விழலாம்.

ராத்திரிச் சாப்பாடு இன்றைக்கே திரும்ப வரட்டும். பயிற்சி முடிந்த கையோடு பாலும் பழமும் கொடுங்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு, அடையாகவோ களியாகவோ அடிக்கடி செய்து கொடுங்கள். கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது கெடும், ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

ஆனால் சமையலறையோடு இது முடியாது. இந்த வாரமே மகளிர் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அவர் சொல்வதைக் கோச்சிடமும் நேரில் சொல்லுங்கள்.