நோட்டீஸ் பீரியட்காரர்

சாஃப்ட்வேர் கம்பெனியில் நிம்மதியான ஒரு முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால், ராஜினாமா மெயில் அனுப்பிவிட்டவரைத் தேடுங்கள். சுலபமாகக் கிடைப்பார். மதியம் மூன்று மணிக்கு பேன்ட்ரியில் நின்று டீயை ஆற ஆறக் குடித்துக்கொண்டிருப்பார். நாங்களெல்லாம் கப்போடு சீட்டுக்கு ஓடுகிறவர்கள்.

ஒரு மண்டலம் என்றால் 48 நாள். இவருக்கு நோட்டீஸ் 90 நாள். இரண்டு மண்டலத்துக்கு ஆறு நாள்தான் குறைவு. விரதம் மட்டும் கிடையாது.

எங்கள் டீமில் அப்படி ஒருவர் இருந்தார். ஆறு வருஷம் அதிர்ந்து பேசாதவர். எதைக் கேட்டாலும் "ட்ரை பண்றேன்" என்பார். ராஜினாமா செய்த மறுநாள் காலை ஸ்டாண்ட்-அப்பில், "இது வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்று மேனேஜர் கேட்க, "முடியாது" என்றார். அவ்வளவுதான், ஒரே வார்த்தை. நாங்கள் கேமராவை அணைத்துவிட்டுச் சிரித்தோம். மேனேஜரின் கேமராவும் அணைந்தது; அது எதற்கென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். தள்ளுவது நியூயார்க்கில், தள்ளிப்போவது சோழிங்கநல்லூரில் எங்கள் ராத்திரிச் சாப்பாடு. 7.30-க்கு வந்த கிளையன்ட் கால் 8.30-க்கு வரும். அந்நேரம் இவர் வேளச்சேரி வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்திருப்பார், காதில் ஹெட்செட்டோடு. ஒருநாள் மைக்கை அணைக்க மறந்ததில், "இன்னும் ஒண்ணு போதும்மா" என்ற குரல் தெளிவாக அட்லாண்டிக்கைக் கடந்தது. அதை வேலை நிலவரம் என்று எடுத்துக்கொண்ட கிளையன்ட் "தேங்க் யூ" சொன்னார்.

அவர் பார்த்த வேலையை என் தலையில் கட்டும் சடங்குக்கு கே.டி. என்று பெயர். ஸ்கிரீனில் புரோகிராமைக் காட்டிக்கொண்டே வந்தவர், ஒரு வரியை மட்டும் வேகமாகத் தாண்டினார்.

"அண்ணா, இங்க எதுக்கு அஞ்சு செகண்ட் சும்மா நிக்குது?"

"அதை எடுத்தா ஓடாது."

"ஏன்?"

"தெரியாதுப்பா. எனக்கு கே.டி. கொடுத்தவரும் இப்படித்தான் சொன்னார்."

வரியின் ஓரத்தில் யாரோ 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் 2014-லேயே கம்பெனியை விட்டுப் போனவர்.

ஏப்ரல் அப்ரைசலில் பட்ஜெட்டே இல்லை என்று கைவிரித்த கம்பெனிக்கு, அக்டோபரில் எங்கிருந்தோ பணம் வந்தது. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று ஹெச்.ஆர். முப்பது சதவீதம் ஏற்றித் தர முன்வந்தார். தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000-ல். அங்கிருந்து எங்கள் சோழிங்கநல்லூர் வரை வரும் இந்த ஐ.டி. சாலையில் அன்றிலிருந்து எத்தனை பேர் இப்படிக் குடும்பமானார்களோ! நம்மவர் அந்தத் தொகையைக் கொண்டுபோய்ப் புதுக் கம்பெனியிடம் காட்டி, மேலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

கடைசி நாள். கேக் வெட்டி, போட்டோ எடுத்து, லேப்டாப்பையும் ஐ.டி. கார்டையும் ஒப்படைத்துவிட்டுக் கீழே வந்தார். கார்டு தேய்க்காமல் வாசல் திறக்காது. செக்யூரிட்டிக்கு ஒரே வழிதான் தெரியும்: விசிட்டர் நோட்டை நீட்டினார். பெயர், போன் நம்பர், நேரம் எல்லாம் எழுதியவர், 'யாரைப் பார்க்க வந்தீர்கள்' என்ற கட்டத்தில் பேனாவோடு நின்றுவிட்டார்.

"என் பேரைப் போடுங்கண்ணா" என்றேன்.