மீமாந்தர்ப் படங் காண்போர் மெய்ப்பாட்டியல்

பாயிரம்

மாணாக்க, அமர்க. ஏடு திறக்குமுன் எல்லை வகுத்தல் மரபு. கிழக்கே மதுரைப் பெரியார் பேருந்து நிலையம், மேற்கே செக்கானூரணி, வடக்கே நாகமலை, தெற்கே சமணர்மலை. இந்நான்கெல்லைக்கு உட்பட்ட நாகமலை புதுக்கோட்டையில் வாழ்ந்து, மீமாந்தர்ப் படமும் அறிபுனைவுப் படமும் கண்டு, கண்டபின் வாளா இருக்கமாட்டாதாரே இந்நூல் நுதலும் மாந்தர்.

மீமாந்தராவார், பறத்தல், மறைதல், பருத்தல், சிறுத்தல் என்னும் நான்கனுள் ஒன்றேனும் வல்லாராய், அவ்வன்மையை மறைக்க முகமூடியும், காட்ட இறுகிய உடையும் ஒருங்கே அணிவார். அறிபுனைவாவது, ஒரு கருவி பழுதாவதால் தொடங்கி, அதே கருவி மீளவும் பழுதாவதால் முடிவது. கேட்போர், இரவுக் காட்சி விட்டபின் ஊர் திரும்ப ஊர்தியின்றிச் சாலையோரம் நிற்போர். பயன், இடைவேளைக்குள் அருகிருப்பான் இன்ன வகையான் எனத் தெளிந்து, வேண்டின் இருக்கை மாறுதல்.

மெய்ப்பாடு எட்டென்பது தொல்காப்பியர் கொள்கை. எட்டும் இங்கு ஒத்த அளவில் வாரா. வெகுளி, நுழைவுச்சீட்டின் விலையும் சோளப்பொரியின் விலையும் அறிந்த அளவிலேயே தோன்றி அடங்கிவிடுதலின், ஈண்டுத் தனித்து ஓதப்படாது.

1. மருட்கையர்

மருட்கைக்கு நிலைக்களன் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். எனவே மருட்கையரும் நால்வர்.

பெருமைமருள்வோர், பேருருக் கண்டு வாய் திறப்போர். ‘எந்திரன்’ (2010) படத்து இறுதியில் எந்திரப்படை ஒன்றுகூடி உருண்டையாகவும் பாம்பாகவும் எழுந்தபொழுதும், ‘2.0’ (2018) படத்தில் ஊரார் கைப்பேசியெல்லாம் கூடிப் பறவையானபொழுதும் இவர் தோன்றினர். அடையாளம்: பொரி எடுத்த கை வாய்க்கும் மடிக்கும் நடுவே நிற்றல், “யாத்தே!” என்னும் ஒலி. நிற்கும் கால அளவு குறைவு. பேருரு இருமடங்கானால் மருட்கை இருமடங்காகும் எனப் படமெடுப்போர் கருதுவர். அஃது அன்று. இரண்டாம் முறை கை நில்லாது வாய்க்கே செல்லும்.

சிறுமைமருள்வோர் இவரினும் ஆழ்ந்தோர். அதே எந்திரன் படத்தில், தலைவியைக் கடித்த கொசுவை எந்திரன் தேடிப் பிடித்துக் கொணர்கிறான். 2.0 படத்தில் புறாவின்மேல் ஏறிவரும் குறுவுருக்கள் தோன்றுகின்றன. இவ்விடங்களில் காண்போன் முன்னோக்கிச் சாய்வான். அருகிருப்பான் தொடையைத் தட்டுவான். தட்டப்பட்டவனும் தட்டியவனை வெகுளான். பேருரு மருட்கை ஒருவனோடு ஒழியும், சிற்றுரு மருட்கை இருக்கைதோறும் பரவும். கோடி கோடியாய்ச் செலவிட்டுப் பேருருச் சமைப்போர் இதனை ஓர்வார்களாக.

புதுமைமருள்வோர் தலையாயார், 1984இல் நவோதயா நிறுவனத்தார் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்னும் இந்நாட்டு முதல் முப்பரிமாணப் படத்தை வெளியிட்ட ஞான்று தோன்றிய கைநீட்டுநர். திரையினின்று நீண்டுவந்த பனிக்குழைவைப் பற்றக் கை நீட்டியமையின் இப்பெயர். இவர் இருதிறத்தர். வெளிப்படை நீட்டுநர் சிறார். கரந்த நீட்டுநர் வளர்ந்தோர். பாதி நீட்டியதும் உணர்ந்து, அக்கையாற் கண்ணாடியைச் சரிசெய்வார்போல் நடிப்பர். இன்றும் முப்பரிமாணக் காட்சியில் எவரேனும் காரணமின்றிக் கண்ணாடியைத் தொட்டால், அவர் இவ்வகையார் என்று கொள்க.

ஆக்கமருள்வோர், ஒன்று பிறிதாதல் கண்டு மருள்வோர். இவருட் பலர் அகவை அறுபதைக் கடந்தவர். படம் வழி அன்று, ஏட்டின் வழி மருண்டவர். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்சு தன் முதல் ஏடாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. மின்னோட்டம் உடலிற் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் மறையாது வெளியில் மிதக்கும். இதனைப் படித்துவிட்டு மின்பொத்தானை நோக்கி நெடுநேரம் நின்ற சிறுவர் அந்நாளிற் பலர். அவருட் சிலர் இன்று பேரப் பிள்ளைகளோடு மார்வல் படம் காண வருகின்றனர். வந்து, அடுத்த வகையுட் புகுகின்றனர்.

2. முன்னமையர்

“இதெல்லாம் நம்மகிட்ட அப்பவே இருக்குப்பா” என்போர் முன்னமையர். இவ்வூரின் பெருங்குடி இதுவே. ஆதலின் விரித்துரைப்பாம்.

ஏட்டு முன்னமையர் மாயாவியை முன்னிறுத்துவர். திரையில் எவன் தோன்றினும், “கரண்டுக் கம்பியத் தொட்டா மறைவானா, மாட்டானா?” என்பதே இவர் வினா. மறையாதானை மீமாந்தன் என ஏலார்.

திரை முன்னமையர் 1963இல் வெளியான ‘கலை அரசி’யை முன்னிறுத்துவர். எம்.சி.ஆர். இருவேடமிட்ட அப்படத்தில், வேற்றுக்கோளினர் பறக்கும் தட்டில் வருவர். அவர் கோளில் அறிவியல் முற்றியிருக்கும், இசை இராது. ஆதலின் பாடுவாள் ஒருத்தியைக் கவர்ந்து செல்வர். அயற்கோளினர் ஊர்களை இடித்து நொறுக்கவே வருவர் எனக் கொள்ளும் மேலைப் படங்களோடு இதனை ஒப்புநோக்கிப் பெருமிதம் கொள்ளல் இவர் இயல்பு. அப்பெருமிதத்தை யானும் மறேன். பாட்டுக்கு ஆளில்லாமல் வந்தவன் பகைவனே ஆயினும் சுவையறிந்தவன்.

மலை முன்னமையர் ஏனையிருவரையும் வெல்வர். இவர்க்கு ஏடும் வேண்டா, திரையும் வேண்டா; விரலை வடக்கே நீட்டினால் போதும். சமணர் வேள்வியில் எழுந்த பெரும்பாம்பு கூடல் நகரை விழுங்க வந்தது என்றும், பாண்டியன் அம்பெய்து அதனை வீழ்த்தினான் என்றும், நகரிற் பரவிய நஞ்சை ஆலவாய் இறைவன் அமிழ்து தெளித்து மாற்றினான் என்றும் பரஞ்சோதியாரின் திருவிளையாடல் நூல் கூறும். வீழ்ந்த பாம்பே நாகமலை என்பது ஊரார் வழக்கு. யானைமலைக்கும் பசுமலைக்கும் இவ்வாறே வழக்குண்டு. இறுதிப்போரில் வீழ்ந்த பகைவனின் உடல்மேல் ஆடு மேய்த்துப் பழகிய ஊரில் மீமாந்தர்ப் படம் காட்டுதல் எளிய வினையன்று.

களத்திற் பெற்ற சான்றொன்று. தேனிச் சாலைத் தேநீர்க் கடையில், கல்லூரி இளைஞன் ஒருவன் அவெஞ்சர்சு எண்ட்கேம் படத்துப் பகைவன் தானோசின் படைப்பெருக்கை ஐந்து நிமையம் விடாது உரைத்தான். கேட்டிருந்த முதியவர் ஆற்றிய தேநீரை ஒருவாய் குடித்தார்.

“எம்புட்டு நீளம் இருப்பான் அவன்?”

“நீளமா? ஆளு ஒரு எட்டடி இருப்பான் தாத்தா.”

“எட்டடியா?” என்றவர் மலைப்பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடிக் குவளையைக் கடைக்காரரிடம் நீட்டினார். வேறொன்றும் கூறிலர்.

சொல்லாது காட்டும் இவ்வகையாரை மோன முன்னமையர் எனத் தனியே ஓதுக. இவரோடு வழக்காடி வென்றார் இலர்.

3. ஏலாமையர்

“லாஜிக்கே இல்லடா” என்போர் ஏலாமையர். இவர் எதனை ஏற்பர், எதனை ஏலார் என்பதற்கு யாம் யாத்த நூற்பா:

*சேய்மைப் பொய்க்கு இசைவர்; அண்மைப்*
*பொய்க்கு இசையார் என்ப கற்றோர்.*

சேய்மைப் பொய்யாவது, தாம் என்றும் செய்யாததைப் பற்றிய பொய். அண்மைப் பொய்யாவது, தாம் நாளும் செய்வதைப் பற்றிய பொய். ஒருவன் விண்மீன் கூட்டங்களைத் தாண்டிப் பறப்பதை இவர் ஏற்பர். மகிழுந்து ஒன்று மாலை ஆறு மணிக்குக் காளவாசல் கூட்டுச்சாலையை நில்லாது கடந்தால் எழுந்து நின்று மறுப்பர். 2.0 கண்டு வந்தான் ஒருவன், இறந்தவன் ஆவி கைப்பேசிகளை இழுத்துக்கொண்டதை ஐயுறவில்லை. அவை இறக்கையாய்ப் படபடத்ததையும் ஐயுறவில்லை. “அத்தன போனு பறக்குதே, ஒண்ணுலகூடவா சார்ஜு தீரல?” என்பதே அவன் மனக்குறை. மூன்று கிழமை கழிந்தும் குறை தீரவில்லை.

பல்கலை நகர்ப் பல்கலைக்கழக இயற்பியல் மாணாக்கர் இவ்விலக்கணத்திற்கு மாறுபடுவரோ எனின், மாறுபடார். அவர்க்கு அண்மையாவது ஆற்றல் அழியாமை நெறி. மெலிந்த உடல் ஒரு நொடியிற் பச்சைப் பேருடல் ஆயின், கூடிய எடை எங்கிருந்து வந்தது என்பர். ஏலாமை ஒன்றே, அண்மைதான் வேறு.

4. கணக்கர்

காலம் கடக்கும் படங்களால் பிறந்தோர். ‘இன்று நேற்று நாளை’ (2015), ‘24’ (2016), ‘மாநாடு’ (2021), ‘மார்க் ஆண்டனி’ (2023) என ஈண்டு இவர் பெருகினர். விரற்கணக்கர் அரங்கினுள்ளேயே விரல் மடக்குவர். முகட்டுநோக்கர் மேற்கூரையைப் பார்த்தபடி உதடசைப்பர். மேசைக்கணக்கர் தேநீர்க்கடை மேசைமேல் நீர்தொட்டுக் கோடிழுத்து, “இங்கன இருந்து இங்கன போறான், அப்ப இங்கன இருந்தவன் எங்கன போனான்?” என வினவுவர். விடை காணும் தறுவாயிற் கடைக்காரர் வந்து மேசையைத் துடைப்பார். கடந்தது, நிகழ்வது, வருவது மூன்றும் ஒரு துணியில் ஒழியும். கணக்கர் மீளவும் முதற்கோட்டிலிருந்து தொடங்குவர்.

மாநாடு படம் இவர்க்குத் தீங்கு செய்தது. அதன் தலைவன், செத்துச் செத்து அதே வானூர்தியிற் கண் விழிப்பவன், தன் நிலையைத் தானே பிறர்க்குப் பலமுறை விளக்கிவிடுகிறான். கணக்கிட ஒன்றுமின்றிக் கணக்கர் வறிதே வீடு சென்றனர்.

5. நகையரும் அழுநரும்

நகையர் மூவர்: முன்னகையர், உடனகையர், பின்னகையர். மதுரைத் தொடர்வண்டி நிலையத்தருகே விக்டோரியா எட்வர்டு மன்றம், பகலில் நூலகமாகவும் மாலையில் ரீகல் என்னும் ஆங்கிலப் படவரங்காகவும் இயங்கிய நாளில் பின்னகையர் செழித்தனர். ஆங்கிலம் அறிந்த முன்வரிசையார் நகைக்க, அந்நகையைக் கேட்டு நொடி தாழ்த்து நகைப்பார் இவர். தமிழ் மொழிமாற்று வந்தபின் இக்குடி அருகிற்று.

மொழிமாற்றோ குரலுணர்நர் என்னும் புதுக்குடியை ஈன்றது. 2019இல் அவெஞ்சர்சு எண்ட்கேம் தமிழில் வந்தது. உரையாடல் முருகதாசு; இரும்பு மாந்தன் குரல் விசய் சேதுபதி. குரலுணர்நர் திரையிற் கண்டது ஒருவனை, செவியிற் கண்டது வேறொருவனை. இருவரையும் ஓருடலிற் பொருத்தமாட்டாமல் இடைவேளைகாறும் துன்புற்றனர். பழைய குரலே வேண்டும் என்று பொருமினாரும் உளர்.

அதே படத்தில் அவ்விரும்பு மாந்தன் இறக்கிறான். அழுகைக்கு நிலைக்களன் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு, இஃது இழவு. இவ்விடத்து முப்பரிமாணக் கண்ணாடியின் முழுப்பயன் விளங்கிற்று. ஆறடி இளைஞர் அதனுள்ளிருந்து அழுதனர், எவரும் அறியார். வாயிலிற் கண்ணாடியைத் திரும்பப் பெறுவோன் மட்டும் ஈரம் கண்டு, ஒன்றும் வினவாது கூடையில் இட்டான்.

6. எழுவரும் இருப்பரும்

பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் எழுவார் எழுவர். மறைகாட்சி வேண்டி அமர்வார் இருப்பர். மார்வல் நிறுவனத்தார் பட்டியலின் ஈற்றிற் சிறுகாட்சி மறைத்து வைக்கும் வழக்கினர் ஆதலின் இப்பிரிவு. நாகமலை புதுக்கோட்டையார்க்கு இது கொள்கையால் அமைவதன்று, ஊர்தியால் அமைவது. பெரியார் நிலையத்தில் கடைசிப் பேருந்தைப் பிடிக்கவேண்டுவோன் எழுவன். இருசக்கர வண்டியுடையான் இருப்பன். நண்பன் வண்டியிற் பின்னமர்ந்து செல்வான், எழவும் மாட்டான், இருக்கவும் மாட்டான். நடைவழியில் நின்றபடி திரையையும் நண்பனையும் மாறி மாறி நோக்குவான். இவனை இடைநிலையன் என்க.

எண்ட்கேம் இருப்பர்க்குச் செய்தது கொடிது. மூன்று மணிநேரப் படம், அதன்மேல் நெடும்பட்டியல். ஈற்றில் காட்சியே இல்லை. இரும்பை அடிக்கும் ஒலி மட்டும் கேட்டது. துடைப்பமும் கையுமாய் நின்ற தொழிலாளரை நோக்கி, “சவுண்டு மட்டுந்தானா?” என்றான் ஓர் இருப்பன். “அதுவும் இப்பத்தான் தம்பி கேக்குறேன்” என்றார் அவர். இருப்பருள் தலையாயார் துடைப்பத்தாரே எனக் கொள்க. அவர் எல்லாப் படத்திற்கும் ஈறுவரை இருப்பார்.

புறநடை

மேலோதிய வகைகளுள் அடங்காதார் ஒருவர் உளர். பிள்ளைகள் வீட்டுத் திரையில் 2012ஆம் ஆண்டின் அவெஞ்சர்சு காண, அருகே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா அவர். பறந்ததற்கும் மருளார், இடிந்ததற்கும் அஞ்சார். ஊரே நொறுங்கும் இறுதிப்போரில் அவர் எழுப்பிய வினா ஒன்றே: “விடிஞ்சதுலருந்து அடிச்சுக்கிட்டுக் கெடக்குறாய்ங்களே, ஒருத்தனாச்சும் ஒருவாய்ச் சோறு தின்னானா?”

பிள்ளைகள் விடை பகரவில்லை. பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்தது. ஈற்றில், நொறுங்கிய கடையொன்றில் மீமாந்தர் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, எவரும் எவரோடும் பேசாது ஷவர்மா மென்றுகொண்டிருக்கும் காட்சி வந்தது.

பெரியம்மா கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “ம்... தின்னட்டும். என்னது அது, கோழியா?”

இஃது உவகை. உவகைக்கு நிலைக்களன் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கு. ஈண்டுப் புலன். கோழியா, ஆடா என்பது படத்திற் கூறப்படாமையின் உட்பிரிவு வகுத்திலம்.