கைலைக்குக் கைப்பிடி இல்லை

திருகோணமலையில் பாரம் தூக்க ஆசைப்படுகிற எவனுக்கும் ஆரம்பத்திலேயே ஒரு தலைக்குனிவு உண்டு. இங்கே அந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவன் இராவணன். தாயின் வழிபாட்டுக்காகக் கோணேசர் மலையையே பெயர்த்தெடுக்கப் பார்த்தான் என்பது ஐதீகம். அந்த வேளை வாள் பட்டுப் பிளந்த பாறை ‘இராவணன் வெட்டு’ என்ற பெயரோடு இன்றைக்கும் கடலைப் பார்த்து நிற்கிறது. தாய் இறந்தபின் கருமம் செய்யத் தண்ணீர் வேண்டும் என்று நிலத்தில் குத்தினான். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் வந்தன. கைலையில் கைவைத்ததும் இதே ஆள்தான். சம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாட்டை அனேகமாக அவனுக்கென்றே ஒதுக்கி, சிவன் கால்விரலால் அவனை அழுத்திய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை. அவனுடைய இருபது கைகளைப் பற்றி ஊர் முழுக்கப் பேசுகிறது. கைலைக்குக் கைப்பிடி இல்லை என்பதைப் பற்றி ஒரு புராணிகரும் வாய் திறக்கவில்லை. பாரம் தூக்குவதில் பாதிச் சிக்கல் பாரத்தில் இல்லை, பிடியில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்கிக் கல்யாணம் கட்டிய மாப்பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். உருண்டைக் கல்லில் விரல் மாட்ட ஓர் இடுக்குக்கூட இராது.

எனக்கு இருப்பது இரண்டே கை. அதில் வலதுக்குப் பேனா பிடித்ததைத் தவிர வேறு வரலாறு கிடையாது. ஒரு பரிசோதனைக்குப் போன இடத்தில் பிடியை அளக்கும் கருவியை அந்தக் கையில் தந்தார்கள்.

“முழுப் பலத்தோட அமத்துங்கோ ஐயா” என்றார் இளம் டொக்டர்.

“அமத்திக்கொண்டுதான் இருக்கிறன்.”

அவர் கருவியை வாங்கி, பழுதோ என்று திருப்பிப் பார்த்தார். பிறகு மரியாதையாக எதையோ எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து படித்தால் விஷயம் விளையாட்டில்லை. 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2015இல் ‘லான்செட்’ இதழில் வந்திருக்கிறது. பிடியின் பலம் ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் மரண ஆபத்து 16 சதவீதம் கூடுகிறதாம். பிடி தளர்ந்ததால் ஆள் போகிறானா, ஆள் தளர்ந்ததால் பிடி போகிறதா என்பதை அது தீர்த்துச் சொல்லவில்லை. எனக்கு அந்த நுணுக்கத்துக்கெல்லாம் பொறுமை இல்லை. போத்தல் மூடி திறக்காத ஒவ்வொரு தடவையும் யமனின் எருமை மணிச்சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

பிடிக்கு மருந்து தடித்த கைப்பிடி என்று பழைய பயில்வான்கள் கண்டுவைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஸ்காபரோ ஊர்க்காரர் தோமஸ் இஞ்ச். அவரிடம் ஒரு வார்ப்பிரும்பு டம்பெல் இருந்தது. எடை 172 இறாத்தல், அதாவது 78 கிலோ. அந்த எடையைக் கேட்டுப் பயில்வான்கள் பயப்படுவதில்லை. கைப்பிடியின் விட்டம் 2.38 அங்குலம் என்பதுதான் வயிற்றைக் கலக்கும். ஒலிம்பிக்கில் ஆண்கள் தூக்கும் கம்பி 28 மில்லிமீற்றர்தான். விரல்கள் அதைச் சுற்றிவந்து மடங்க, பெருவிரல் மேலே பூட்டுப் போட்டுவிடும். இஞ்சின் கைப்பிடியிலோ விரலும் பெருவிரலும் பகைத்துக்கொண்ட சம்பந்திகள்போல ஒன்றையொன்று பார்க்காமலே நிற்கும். போதாக்குறைக்கு முழுவதும் ஒரே வார்ப்பு. நிலத்தைவிட்டுக் கிளம்பியதுமே கைக்குள் உருளும். விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரலில் இல்லை; முன்கையில் உட்கார்ந்து தசைநாண் கயிறுகளால் இழுக்கின்றன. ஆகவே வலி எடுப்பது முழங்கைக்குக் கீழே, மானம் போவது எல்லா இடத்திலும்.

இஞ்ச் அந்தக் குண்டை மேடை மேடையாகக் கொண்டுபோய்ச் சவால் விட்டார். பலசாலிகள் பலர் முக்கிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். அதே தோற்றத்தில் எடை குறைந்த குண்டுகளும் அவரிடம் இருந்தன என்பது பிறகு வெளியே வந்த சங்கதி. இதை என் மனைவியிடம் சொல்லியிருக்கக்கூடாது.

“அப்ப நீங்களும் உள்ளுக்கு ரிஜிபோம் வைச்சுச் செய்யுங்கோவன். படம் எடுக்கக் காணும்தானே?”

துறைமுகப் பட்டினத்தில் இரும்புக்குப் பஞ்சமில்லை. சீனன்குடாவில் பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் மட்டும் 99 நிற்கின்றன. கடற்படைத் தளத்தை 1957இல் கையளித்துவிட்டு வெள்ளைக்காரன் கப்பலேறினாலும், அவன் இரும்பு கடை கடையாக இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் சந்தேகம். பழைய இரும்புக் கடை நானாவிடம் ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு அங்குலக் குழாய்த் துண்டு கேட்டேன்.

“என்னத்துக்குத் தம்பி, கிணத்து மோட்டருக்கா?”

“இல்ல நானா. கைக்கு.”

அவர் என் கையைப் பார்த்தார். கையில் குறையொன்றும் தெரியாததால் குழாயை அறுக்கப் போனார்.

இரண்டு அங்குலக் குழாய் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதன் வெளிவிட்டம் 60.3 மில்லிமீற்றர். அங்குலத்தில் சொன்னால் கிட்டத்தட்ட 2.38. இஞ்சின் கைப்பிடியேதான்! கிணற்றடியிலும் குளியலறைச் சுவரிலும் உலகப் புகழ்பெற்ற கைப்பிடி இத்தனை காலமாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

குண்டுக்கு நாலு லீற்றர் பெயின்ட் டின் இரண்டு. கொங்கிறீட் லீற்றருக்கு ஏறக்குறைய 2.4 கிலோ நிற்கும். டின்னும் குழாயும் சேர்ந்தால் மொத்தம் 20 கிலோவைத் தாண்டும். சீமெந்து சீனன்குடாவிலேயே உற்பத்தியாகிறது. மணல், கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும் மகாவலி கொண்டுவந்தது. முழுக்க முழுக்க மண்ணின் மைந்தன். போர்க்காலத்தில் சீமெந்தும் இரும்பும் சில பகுதிகளுக்குக் கொண்டுபோகத் தடைப்பட்ட பொருட்கள். அப்போது இரண்டு டின்னையும் ஒரு குழாயையும் பொருத்திச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சோதனைச்சாவடிக்குப் போயிருந்தால், தசை வளருமுன் விசாரணை வளர்ந்திருக்கும்.

வார்ப்பதற்கு அடுத்த வீட்டு மேசன் அண்ணன் வந்தார். காசு வேண்டாம் என்றார். விடுப்புப் பார்க்கக் கிடைத்ததே பெரிய கூலி. குழாயின் இரு முனையிலும் துளை போட்டுக் குறுக்கே கம்பி செருகவைத்தார். இல்லாவிட்டால் கொங்கிறீட்டுக்குள் குழாய் சுற்றும். ஒன்றுக்கு இரண்டு மணல், நாலு சல்லி. கலவையை டின்னுக்குள் போடுவதும், கம்பியால் குத்திக் காற்றை எடுப்பதும், கரண்டியின் பிடியால் டின்னின் வயிற்றில் தட்டுவதுமாக அவர் பாட்டுக்கு வேலை நடந்தது. குத்தக் குத்தச் சல்லி கீழே இறங்கி, சாம்பல் நிறப் பால் மேலே ஊறி வந்தது. நூல்குண்டு பிடித்துக் குழாயை நிமிர்த்தினார்.

“மற்றப் பக்கத்தை இண்டைக்கு ஊத்தேலாது. இது இறுகட்டும். ஒரு கிழமைக்குச் சாக்குப் போட்டுத் தண்ணி விடுங்கோ. முழுப் பலம் வர 28 நாள் செல்லும்.”

“எனக்கோ, இதுக்கோ அண்ணை?”

“இதுக்கு 28 நாள்” என்றார். என்னைப் பற்றி உத்தரவாதம் தர அவர் முன்வரவில்லை.

அந்த ஈரச் சாக்கை அன்றாடம் நனைத்தவள் மனைவி. நான் நனைத்தால் பூச்சாடிக்குத் தண்ணீர் போதாமல் போகிறதாம். மறுபக்கமும் வார்த்து, அதுவும் இறுகி, சாண்டோ சின்னப்பா தேவரை மனதில் நினைத்து முற்றத்தில் குனிந்தேன். குண்டு கிளம்பியது உண்மை. கணுக்கால் உயரத்தில் மெதுவாக ஓர் உருள் உருண்டு விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு இறங்கிவிட்டது. கொஞ்சமும் ஆத்திரமில்லாமல், பஸ்ஸில் தோளில் தூங்கிவிழுகிறவனின் தலையை நகர்த்திவைக்கிற நிதானத்தோடு. பிறகு சில வாரங்களில் முழங்கால் வரை வந்தது. முன்கை கொஞ்சம் உருண்டிருக்கிறது என்று நான் சொல்கிறேன். கொசு கடித்த வீக்கம் என்பது எதிர்க்கட்சியின் வாதம்.

அந்த நாட்களில்தான் திருக்கடலூரிலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருகிற அண்ணன் அதைக் கண்டார். வயது அறுபதுக்கு மேல். சிறுவயதிலிருந்து கரைவலை இழுத்த கை. சும்மா தொங்கும்போதும் விரல்கள் பாதி மடிந்தே இருக்கும், அங்கே கயிறு ஒன்று இருப்பதுபோல. அம்பாப் பாட்டுக்குக் கால் பின்வைத்து, நனைந்த கயிற்றை மணிக்கணக்கில் பிடித்து வந்தவர்களுக்கு 60.3 மில்லிமீற்றர் என்ன செய்யும்? மீன் பையை இடக்கையில் வைத்துக்கொண்டு வலக்கையால் குண்டைத் தூக்கினார். தூக்கியபடியே என்னைப் பார்த்து நின்றார்.

“இத எங்க தம்பி வைக்க?”

“இருந்த இடத்திலேயே வையுங்கோ அண்ணை.”

வைத்தார். குனிந்து கழுத்துப் பகுதியைத் தடவிப் பார்த்தார். “நல்லாச் செய்திருக்கிறீங்கள். ரெண்டு பக்கமும் தலை இருக்கிறதால கட்டின கயிறு கழராது. எத்தின தோணிக்கு?”

உடற்பயிற்சிக்கு என்று விளக்கினேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். படித்தவர்களிடம் அவருக்கு எப்போதும் இரக்கம் உண்டு. பிறகு விலை பேசினார்: உள்துறைமுகத்தில் நிற்கிற அவருடைய சின்னத் தோணிக்கு நங்கூரக்கல் வேண்டும்; காசாக இல்லை, ஒரு மாதத்துக்குப் பாரை.

“நல்ல பாரையோ?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இந்த வீட்டில் என் ஆரோக்கியத்தின் மதிப்பு அந்த நிமிடத்தில் தீர்ந்தது. பேரத்தில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு: இரண்டாவதும் வார்த்து, ஒன்றை எனக்கு வைத்துக்கொள்வேன். மேசன் அண்ணனுக்குச் சொல்லியாயிற்று. நானாவும் குழாய் அறுத்துவிட்டார். தோணிக்குப் போகிறதில் மட்டும் நடுவில் ஒரு இரும்பு வளையம் ஒட்டித் தரவேண்டுமாம். என்னுடையதிலும் ஒன்று வைக்கச் சொல்லி மனைவி தனியாகப் போய்ச் சொல்லியிருப்பதாகக் கேள்வி.