மோட்டாருக்குப் புடிச்ச ஏழரை

ஏங்கண்ணு, உன்ற கரண்டு வண்டிக்கு மோட்டார் மாத்தப் போறயாமா? டீக்கடையில பேசிக்கறாங்க. 250 வாட்டு மோட்டாரக் கழட்டிப்போட்டு 1000 வாட்டு மாட்டோணுமாம். வண்டி பறக்கோணுமாம். பறந்துக்கிட்டே ஒரே சார்ஜுல நூறு கிலோமீட்டரும் போகோணுமாம். நல்லாருக்குது. ஆசைப்படறதுக்கு ஆரு காசு கேக்கறா?

சரி, நூறு கிலோமீட்டரு எங்க போறே? வெடியால பால் சொசைட்டி. அப்பறம் பஸ் ஸ்டாண்டு. பொழுதோட டீக்கடை, அங்கிருந்து பாலத்துத் திண்டு. எல்லாத்தையும் கூட்டுனாலும் 15 கிலோமீட்டரு தேறுமா? அதுலயும் பாதி நேரம் வண்டி நிக்குது, நீ அதும்மேல உக்காந்து போனத் தடவிக்கிட்டு இருக்கறே. மாமன் ஊருக்கு வருசத்துக்கு ஒருக்கா நோம்பிக்குப் போவே. அதுக்கும் பஸ்ஸுதான். பொறகு எதுக்கு அந்த நூறு? பக்கத்து ஊட்டுப் பையன் போன்ல காட்டுனான்னுதானே?

அவன் கதையே வேற. பெரிய வண்டியா வாங்குனான். "ஷோரூம்ல 120ன்னாங்க அப்பாரு, 70தான் வருது"ன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து நின்னான். அவங்க பொய் சொல்லுல கண்ணு. அந்த 120 எங்க ஓடுச்சுன்னு இவன்தான் கேக்குல. புனேயில ஏ.ஆர்.ஏ.ஐ.ன்னு ஒரு சோதனைக்கூடம் இருக்குது. வண்டிய உருளைமேல ஏத்தி ஓட்டிப் பாப்பாங்க. இந்தியன் டிரைவிங் சைக்கிள்னு அதுக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்குல வண்டி 42 கிலோமீட்டரு வேகத்தத் தாண்டவே தாண்டாது. சராசரி பாத்தா 22 கூட முழுசா வராது. குறுக்க ஆடு வராது. குண்டும் குழியும் கெடையாது. பின்னால சிநேகிதன் அரிசிச் சிப்பத்தோட உக்காந்திருக்க மாட்டான். இவன் பைபாஸ்ல 70ல முறுக்கிப்போட்டு ஏமாத்திப்போட்டாங்கன்னா எப்புடி? உருளைமேலயே குடியிருந்தா இவனுக்கும் வரும் 120.

மோட்டாருக்கு வாரேன். மோட்டாரப் பத்தி நம்மகிட்டயே பேசறயா? 1937லயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேந்து உள்நாட்டு மோட்டாரு செஞ்ச கோயமுத்தூரு நம்முளுது. இங்க கெணத்துக்குக் கெணறு மோட்டாரு, தெருவுக்குத் தெரு காயில் கட்டற பட்டறை. சத்தத்தக் கேட்டே பேரிங் போச்சா, காத்துப் புடிக்குதான்னு சொல்ற ஆளுக இந்தத் திண்ணையிலயே நாலு பேரு உக்காந்திருக்கறாங்க.

நம்மாளு ஒருத்தன் கதையக் கேளு. அவன் கெணத்துல 5 எச்.பி. மோட்டாரு ஓடுது. எப்பவும் போல வெடியால போட்டா பொழுதோட வரைக்கும் பாயுது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் 7.5 எறக்கிப்போட்டான். அன்னைக்கிருந்து நம்மாளுக்குத் தூக்கம் வருல. பருத்தி வித்த காசத் தூக்கிக்கிட்டுப் போயி இவனும் 7.5 வாங்கிட்டு வந்தான். மொத நாளு வாய்க்கா நெறையத் தண்ணி. மீசைய முறுக்கிக்கிட்டு வரப்புல நடக்கறான். பத்து மணிக்கு மோட்டாரு காத்த உறிஞ்சிக் கத்துது. ஏன்? மோட்டாருதான் மாறுச்சு. கெணறு மாறுல, ஊத்தும் மாறுல. ஏழரைன்னு பேர்லயே எழுதியிருக்குது, அப்பவாச்சும் ரோசனை பண்ண வேண்டாமா?

உன்ற வண்டியில பேட்டரிதான் கண்ணு கெணறு. அதுல எவ்வளவு இருக்குதுன்னு என்னைக்காச்சும் எட்டிப் பாத்தயா? வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்கு. 48 வோல்ட்டு, 24 ஆம்பியர் அவரு. 1152 வாட் அவர் வருதா? ஈ.பி.காரன் பாசையில ஒரு யூனிட்டு, அதுக்கு மேல சித்த எச்சு. அவ்வளவுதான். அரசாங்கம் சும்மா குடுக்கற யூனிட்டு இருக்குதே, அதுல ஒண்ணு. 1000 வாட்டு இஸ்திரிப்பொட்டிய ஒரு மணி நேரத்துக்கு மேல போட்டு வச்சா தீந்துபோற கரண்டு. அத வச்சுக்கிட்டுத்தான் திருப்பூரு போயிட்டு வரோணும், மருதமல ஏறோணும், சிநேகிதனோட ரேஸ் உடோணுங்கறே.

250 வாட்டு மோட்டாரு 48 வோல்ட்டுல அஞ்சு ஆம்பியருக்குச் சித்த மேல இழுக்கும். 1000 வாட்டு முழு மூச்சுல இழுத்தா 21 ஆம்பியரு. பேப்பர்ல போட்டுப் பாத்தா ஒரு மணி நேரம் சொச்சத்துல பேட்டரி காலி. உன்றது ஈய பேட்டரி, அந்த ஒரு மணி நேரமும் வராது. ஈயத்துகிட்ட நெதானமாக் கேட்டாத்தான் இருக்கறத முழுசாக் குடுக்கும். அவசரப்பட்டு இழுத்தா ஒரு பங்க உள்ளயே வச்சுக்கிட்டுப் படுத்துக்கும். இது நான் திண்ணையில உக்காந்து கண்டுபுடிச்சதில்ல. 1897லயே பாய்க்கர்ட்டுன்னு ஒரு ஜெர்மன்காரரு கணக்குப் போட்டுச் சொல்லிப்போட்டாரு.

இன்னொண்ணு இருக்குது. அது கண்ணுக்குத் தெரியாது. காத்து. 25ல போறவன் 50ல போனா காத்து எதுத்துத் தள்றது ரெண்டு மடங்கில்ல, நாலு மடங்கு. அதத் தள்ளிக்கிட்டுப் போக மோட்டாரு குடுக்கோண்டிய சக்தி எட்டு மடங்கு. டயரு உருள்றதுக்கு ரெண்டு மடங்குதான். ரெண்டையும் சேத்துப் பாத்தா உன்ற மாதிரி வண்டிக்கு ஏறக்கொறைய அஞ்சு மடங்கு ஆகுது. பாதி நேரத்துல போய்ச் சேந்தர்றேங்கறயா? சரி, அதையும் கழிச்சுக்க. அதே தூரத்துக்கு ரெண்டரை மடங்கு கரண்டு. 50 கிலோமீட்டரு போயிக்கிட்டிருந்த வண்டி 20லயே மூச்ச உட்டுரும். நீயோ சட்டைப் பொத்தானக் கழட்டி உட்டுக்கிட்டு, அது முதுகுக்குப் பின்னால படபடன்னு அடிக்கப் போறே. சினிமாவுல அப்புடித்தான் போறாங்க, வாஸ்தவந்தான். அந்தப் படபடப்புக்கும் பேட்டரிதான் கூலி குடுக்குது, தெரியுமா?

"லித்தியம் போட்டுக்கறேன் அப்பாரு"ங்கறே. போடு. நல்ல சரக்குதான். ஈயத்துல மூணுல ஒரு பங்கு எடைதான் இருக்கும், ரொம்ப வருசமும் வரும். அதுக்கு வழி காட்டுனவங்கள்ல ஒருத்தரு ஜான் குட்இனஃப்னு ஒரு அமெரிக்கக் கெழவரு. 1980ல இங்கிலாந்துல ஆக்ஸ்போர்டுல உக்காந்து, லித்தியம் பேட்டரிக்குக் கோபால்ட்டப் போடற வேலையச் செஞ்சாரு. அதுக்கு நோபல் பரிசு குடுத்தது 2019ல. அப்ப அவருக்கு 97 வயசு. கெழவன் பேச்சக் கேக்க மாட்டேங்கறயே, உன்ற போனும் நீ போடப்போற லித்தியமும் ஒரு கெழவன் மூளையிலதான் ஓடுது.

அதே 1980லதான் ஓசூர்ல டி.வி.எஸ். 50 வந்துது. 50 சி.சி. எஞ்சின். அதுல என்ற சம்சாரம், ரெண்டு பால் கேனு, ஒரு கட்டுச் சோளத்தட்டு அத்தனையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்கறேன். எஞ்சின் மாத்தோணும்னு ஆருக்கும் தோணுல. மேட்டுல திணறுச்சுன்னா அம்மிணி எறங்கி நடந்துக்கும். மேலே போயி ஏறிக்கும். வாயில வாறதயெல்லாம் சொல்லிக்கிட்டேதான் ஏறும், அது வேற விசியம்.

டவுன்ல ஒரு பட்டறைக்காரன் முப்பதாயிரத்துல எல்லாத்தையும் முடிச்சுக் குடுக்கறேன்னானாமா? மோட்டார மாத்துனா கன்ட்ரோலர மாத்தோணும். ஒயரு தடிமனாப் போடோணும், இல்லாட்டி இளகிப்போயி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சக்கரத்துக்குள்ள இருக்கற மோட்டாருக்கு அச்சப் புடிச்சு நிறுத்தப் பட்டை போடோணும். போடாம உட்டா ஒரு நாளைக்கு முறுக்கறப்ப அச்சு தானே சுத்தி ஒயர அத்துப்போட்டுரும். இதையெல்லாம் கேட்டயா? கலர் லைட்டு வருமான்னுதானே கேட்டே.

அவன் இன்னொண்ணும் சொல்லியிருப்பான் பாரு. "பி.எம்.எஸ். கட் பண்ணுதுண்ணா, பைபாஸ் பண்ணிரலாம்." லித்தியம் பேட்டரிக்குள்ள இருக்கற அட்டை அது. அளவு மீறி ஆம்பியரு இழுத்தா நிறுத்தும். செல்லு சூடேறுனா நிறுத்தும். அடி வரைக்கும் எறங்கவும் உடாது, தலைக்கு மேல ஏத்தவும் உடாது. நம்மூர்ல ஸ்டார்ட்டரு ட்ரிப் ஆகுதுன்னு பச்சைப் பொத்தான்ல குச்சியச் சொருகி வச்சவனயெல்லாம் பாத்திருக்கறே இல்ல? காயிலு கருகி, கோயமுத்தூருக்குத் தூக்கிக்கிட்டுப் போனானே, அவனேதான். கெணத்து மோட்டாராவது காட்டுக்குள்ள கருகுச்சு. உன்ற பேட்டரி ராத்திரி சார்ஜ் போடறப்ப தலைமாட்டுல இருக்குது. 2022ல வரிசையாக் கரண்டு வண்டிக எரிஞ்ச சேதி பேப்பர்ல வந்துதே, மறந்துபோச்சா? அதுக்கப்பறந்தான் அந்த வருசம் டிசம்பர்லருந்து பேட்டரிக்குச் சோதனையக் கடுசாக்குனாங்க. பட்டறைக்காரன் நீல டேப்பு சுத்திக் குடுக்கற டப்பாவ ஆரு கண்ணு சோதிச்சா? அவன் மச்சானா?

பிரேக்கப் பத்தி ஒரு பேச்சில்ல. 25க்குன்னு வச்ச பிரேக்கு அது. 50ல போறப்ப புடிச்சா நிக்கறதுக்கு நாலு மடங்கு தூரம் வேணும். நாய் குறுக்க வந்தா அது நாலு மடங்கு தள்ளிப்போயி நிக்குமா?

சட்டமும் இருக்குது. 250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டரு வேகத்துக்குள்ள இருக்கறதாலதான் உன்ற வண்டிக்கு நம்பரு கேக்கறதில்ல, லைசென்ஸு கேக்கறதில்ல. 1000 மாட்டுன அன்னைக்கே அது நம்பரில்லாத, ஆர்.சி. இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி. ஆருமேலயாவது மோதுனா உன்ற அப்பன் காட்டத்தான் விக்கோணும்.

ஒரு பக்கமாவே பேசறேன்னு நெனைக்காத. பெரிய மோட்டாரு பெரிசா இருக்கறதால மட்டும் கரண்டத் தின்னுராது. 25லயே போனா அதுவும் ஏறக்கொறைய அதே அளவுதான் இழுக்கும். திங்கறது உன்ற கை முறுக்கறதுதான். மலையில, பாரம் ஏத்தறப்ப சின்ன மோட்டாரு திணறிச் சூடேறும், பெருசு அலட்டிக்காமப் போகும். அது நெசம். ஆனா மலைக்குக் கெணறும் பெருசா வேணுமே! சேலத்துலருந்து ஏற்காட்டுக்கு ஏறறயின்னு வச்சுக்க. 1200 மீட்டரு உசரம். நீ, சிநேகிதன், வண்டி மூணும் சேந்து 250 கிலோன்னா, அந்த எடைய மேலே தூக்கறதுக்கு மட்டுமே 0.8 யூனிட்டு. மோட்டாரு சூட்டுல வீணாப் போறதச் சேத்தா முழுசா ஒரு யூனிட்டு. உன்றகிட்ட இருக்கறதே அவ்வளவுதான்னு சொன்னேனே? 20 கொண்டை ஊசி வளைவுல எத்தனாவதுல எறங்கித் தள்ளுவீங்கன்னு ரெண்டு பேரும் பந்தயம் கட்டிக்கங்க. எறங்கறப்ப கரண்டு திரும்பி வருமேங்கறயா? நல்ல வண்டியில கொஞ்சம் வரும். போனதெல்லாம் வராது. நெசமாவே மல ஏறோணும், மூட்டை சுமக்கோணும்னா, அதுக்குன்னே செஞ்ச வண்டி நம்பரு பிளேட்டோட கடையில நிக்குது. இத வித்துப்போட்டு அத வாங்கு. நோஞ்சான் வண்டிக்குப் பெரிய மோட்டார மாட்டி ஆருக்குக் காட்டப் போறே?

ரேஞ்சு எச்சு வேணும்னா ஒரு வேலை இருக்குது. சீட்டுக்கு அடியில கெடக்கற அந்தப் பழைய சைலன்சரு, ரெண்டு செங்கல்லு, ஸ்பீக்கரு எல்லாத்தையும் எடுத்து வெளிய போடு. கரண்டு வண்டிக்குச் சைலன்சரு எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன், உன்ற இஷ்டம். பேட்டரிய ராத்திரியோட ராத்திரியா அடி வரைக்கும் தீத்து, ரெண்டு நாளு அப்புடியே போட்டு வைக்காத. ஈயம் உள்ளயே உப்புப் பூத்துக் கெட்டுப்போகும். வெய்யில்ல ஓட்டிக்கிட்டு வந்த சூட்டோட பிளக்கச் சொருகாத, சித்த ஆறட்டும். பின் டயர அமுக்கிப் பாரு. அமுங்குதா? இப்புடி இருந்தா எந்தப் பேட்டரிதான் ஓடும்? முப்பதாயிரத்துக்கு மோட்டாரு பேசறவனுக்கு பஞ்சர் கடையில காத்தடிக்க அஞ்சு ரூவா இல்லியா?

போ, மொதல்ல அத அடிச்சுக்கிட்டு வா. வாறப்ப சந்தைப்பேட்டையில வெத்தல ஒரு கவுளி வாங்கியா. கொழுந்தாப் பாத்து வாங்கு. போறதுக்கு ரெண்டு, வாறதுக்கு ரெண்டு, மொத்தமே நாலு கிலோமீட்டருதான். ரேஞ்சு பத்துமா, இல்ல சைக்கிளத் தரட்டுமா?