யானையும் நாற்பது பக்க நோட்டும்

பன்னிரண்டு வயதான அந்தப் பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "நாம நாலு பேர்தானே, ஏழு சீட் எதுக்கு?" அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். மிச்ச மூன்று சீட்டும் கழற்றிப் போட்ட பார்ட்ஸை வைப்பதற்கு.

விலையைக் கேட்டால் யாருக்கும் சபலம் தட்டும். மூன்றேகால் லட்சம். 2.2 லிட்டர் டீசல் என்ஜின், இரண்டு டன் எடை, ஏறுவதற்கு ஒரு படி. சிக்னலில் நின்றால் ஷேர் ஆட்டோகூட அரை அடி தள்ளி நிற்கும். சென்னையில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அந்த மரியாதைக்குக் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் ஆகும் என்பதுதான் பிறகு தெரிந்தது. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்; டீசலோ தொண்ணூறு ரூபாய்க்கு மேல். தஞ்சாவூர் போய்த் திரும்ப டீசலுக்கு மட்டும் ஏழாயிரம், டோல் தனி. அந்தக் காசுக்கு நாலு பேரும் ஏ.சி. கோச்சில் படுத்துக்கொண்டே போய் வரலாம் என்று பால், மளிகைக் கணக்கு எழுதும் நாற்பது பக்க நோட்டில் மனைவி போட்டுக் காட்டினாள். தலைப்பு: யானை. இன்று யானைக்குத் தனி நோட்டு.

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். கொடைக்கானலைத் தவிர எங்கும் அது என்னை நடுரோட்டில் விட்டதில்லை. அதுவும் டிசம்பர் மாதம், காலை ஆறு மணி. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தின சூட்டிலேயே பற்றிக்கொள்ள வேண்டும். குளிரில் அதற்குக் கைகொடுக்க க்ளோ ப்ளக் என்று ஒன்று உண்டு. என் வண்டியில் நாலும் செத்து எத்தனை வருஷமோ, சென்னை வெயிலில் யாருக்குத் தெரியும்? ஹோட்டல் சமையல்காரர் உட்பட ஆறு பேர் தள்ளினார்கள். இறக்கத்தில் உருட்டி, செகண்ட் கியர் போட்டு கிளட்ச்சை விட்டதும் ஊரே மறையும்படி ஒரு புகை. இந்தப் புகைக்கும் சேர்த்து, பதினைந்து வயதானால் கட்டவேண்டிய வரிக்குப் பசுமை வரி என்று பெயர்.

மற்றபடி, என்ன கோளாறென்றாலும் மெக்கானிக் பாய் கடை வாசல்வரை பொறுத்திருந்து அங்கேதான் சொல்லும். பாய் கையில் ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவர். அதன் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடுவார். நான் மூச்சுவிட மாட்டேன். "சின்ன சவுண்டுதான் சார்" என்பார். அப்புறம் மெதுவாக, "எறக்கிப் பாத்தாத்தான் தெரியும்."

எறக்குவது கியர் பாக்ஸை. கிளட்ச் தட்டு மாற்ற வேண்டுமென்றால் அது இறங்கியே ஆகணும். நாலு சக்கரத்துக்கும் பவர் போகிற வண்டி என்பதால் கூடவே டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு இரும்புக் குண்டும் இறங்கும், கூலியும் ஏறும். அந்த நாலு சக்கர வித்தையை மூன்று வருஷத்தில் ஒரே தடவைதான் பயன்படுத்தினேன், ஊரில் மச்சான் வயலில். டிராக்டர் வைத்து இழுத்தார்கள்.

டர்போ இருப்பதால் தூரம் ஓட்டி வந்து சடக்கென்று அணைக்கக் கூடாது. ஆயில் ஓடி அது சூடு தணியும்வரை ஒரு நிமிஷமாவது ஐடிலில் விடணும் என்பது பாய் உத்தரவு. தினமும் வீட்டு வாசலில் உறுமும் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டுத் தாத்தா ஒருநாள் கண்ணாடியைத் தட்டி, "வீட்ல ஏதாவது சண்டையா தம்பி?" என்றார்.

பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டைக்கும் பழக்கமாகிவிட்டேன். ஜன்னல் ஸ்விட்ச் கேட்டால் கடைப் பையன் நம்பர்கூடக் கேட்பதில்லை. உள்ளே போய், பிரித்துப் போட்ட அதே மாடல் கதவிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவான். என் வண்டிக்கு அங்கே ஏகப்பட்ட பங்காளிகள், எல்லாரும் உறுப்புதானம் செய்தவர்கள்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் கணக்கு இன்னும் விசித்திரம். வண்டியின் மதிப்பை வருஷா வருஷம் குறைப்பார்கள். ஐந்தாவது வருஷமே பாதி போய்விடும். ஆனால் 1500 சி.சி.க்கு மேல் என்றால் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 7,897 ரூபாய். இளவட்ட வண்டிக்கும் அதே, என் கிழத்துக்கும் அதே. மூத்த குடிமக்கள் சலுகை இல்லை.

அப்படியானால் விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் யானையின் சூழ்ச்சி. விற்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்றை அப்போதுதான் மாற்றியிருப்போம். கிளட்ச் புதுசு, இப்ப போய் விக்கிறதா? பேட்டரிக்கு வாரன்டி இருக்கே? ஆறு லிட்டருக்கு மேல் ஆயில் குடித்தது போன வாரம்தானே, அதையும் சேர்த்தா தூக்கிக் கொடுப்பது? செலவு செய்யச் செய்ய விற்க மனசு வராது. மனசு வராத வண்டி மறுபடி செலவு வைக்கும்.

இந்த வருஷம் பதினைந்து முடிகிறது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாய், அதிலிருந்து 5,000. பதினைந்து முடிவதற்குள் தள்ளிவிடுவது என்று மனைவி முன்னிலையில் முடிவானது. பார்க்க வந்தவர் நல்ல மனிதர். சுற்றி வந்தார், டயரை நகத்தால் கீறினார், "அஞ்சு டயரும் போட்டுக் கொடுங்க, சொன்ன விலைக்கு எடுத்துக்கறேன்" என்றார். போட்டேன். மனைவி நோட்டில் ஒரு பக்கம் முழுக்க டயர்.

புது டயரில் வண்டி வெண்ணெயில் வழுக்குவதுபோல் போனது. இரண்டு நாள் அவர் போனை நான் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஐயாயிரத்தைக் கட்டிவிட்டு, எஃப்.சி.க்குக் காட்டுவதற்கு முன் ஒரு பார்வை பார்க்கச் சொல்லி பாயிடம் விட்டேன்.

"அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல சார்" என்றபடி பானெட்டைத் தூக்கினார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கண்ணை மூடினார்.

"ஸ்ஸ்... ஒரு நிமிஷம் பேசாம இருங்க."