கடைசித் தொள்ளாயிரம்

ஐபோன் 15, 2023-இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 79,900 ரூபாய். இதில் எனக்குப் பிடித்ததே அந்தக் கடைசித் தொள்ளாயிரம்தான். எண்பதாயிரம் என்று சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. எழுபதாயிரத்துச் சொச்சம் என்றால் ரசத்தோடாவது கிடைக்கும். பாட்டா செருப்பு விலையைக் கேலி செய்தே வளர்ந்த தலைமுறை நாங்கள். இப்போது அதே வித்தைக்குத் தவணை கட்டுகிறோம்.

அக்கா மகனுக்குத் துணையாகக் கடைக்குப் போயிருந்தேன். வீட்டில் முடிவானது 128 ஜிபி. "பத்தாயிரம் கூடப் போட்டா 256 வந்துடும் மாமா" என்றான். நான் யோசிப்பதற்குள் விற்பனைப் பையன், "512 பார்த்துடறீங்களா சார்? 1,09,900தான்" என்றான். அந்தத் தொகையைக் கேட்டதும் 89,900 சிக்கனமாகத் தெரிய ஆரம்பித்தது. 512 அங்கே இருப்பதே 256-ஐ விற்கத்தான். பிறகு பேச்சு 'மாசம் எவ்வளவு' என்று தாவிவிட்டது. மொத்தம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

"ஸ்ரீபெரும்புதூர்லயே செய்யறாங்களாமே, நமக்குக் குறைக்க மாட்டாங்களா?" என்றாள் அக்கா. 2022-இல் ஐபோன் 14 அங்கே தயாராகத் தொடங்கியபோதும் பலர் இதைத்தான் கேட்டார்கள். விலை அசையவில்லை. அடக்கச் செலவைப் பார்த்து விலை வைப்பது இட்லிக் கடையில். இங்கே விலைதான் சரக்கு.

சந்தேகமிருந்தால் 2007-ஐப் பாருங்கள். 599 டாலருக்கு வந்த முதல் ஐபோனை, இரண்டே கால் மாதத்தில் 399 ஆக்கினார் ஸ்டீவ் ஜாப்ஸ். முண்டியடித்து முதலில் வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அவர் பகிரங்கக் கடிதம் எழுதி, தம் கடையில் செலவழிக்க ஆளுக்கு 100 டாலர் தரவேண்டியதாயிற்று. போன் அதே போன்தான். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கட்டுப்படியாகிவிட்டதே, அதுதான் குற்றம்.

மறு ஆண்டு ஜெர்மானியர் ஒருவர் இன்னும் நேர்மையாக இருந்தார். 'ஐ ஆம் ரிச்' என்று ஒரு செயலி, விலை 999.99 டாலர். திரையில் ஒரு சிவப்புக் கல் ஒளிரும், வேறு வேலை கிடையாது. மறுநாளே ஆப்பிள் அதைத் தூக்கிவிட்டது. அதற்குள் எட்டுப் பேர் வாங்கியிருந்தார்கள்.

2021-இல் திரை துடைக்கும் துணி வந்தது, 1,900 ரூபாய். அந்தக் காசுக்கு நல்ல வேட்டியே எடுக்கலாம், கட்டிக்கொண்டும் துடைக்கலாம். அமெரிக்காவில் அந்தத் துணிக்கும் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கவர் போடும்போது, பின்பக்க ஆப்பிள் தெரிகிற மாதிரி வட்டமாக ஓட்டை விட்டதாகப் பார்த்து வாங்குங்கள். மூடி வைத்தால் கொடுத்த காசில் பாதி வீண்.